சாட்சி யார் பீரோவில் இருக்கிறது?

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, நெல்லித்தோப்பு, புதுச்சேரி)



நினைவுச் சொற்பொழிவில் நினைவுகூரப்படுபவரின் பெருமைகளைப் பேசுவது வழக்கம். அண்ணலின் பெருமைகளை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதனால் அவர் ஒரு வழக்கில் எழுப்பிய கேள்வியை எடுத்துக்கொண்டு அதை நம் புதுச்சேரியில் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். கேள்வி மிக எளியது: நிரூபிக்க வேண்டியது யார்?

தகவல் அறியும் உரிமை என்று தலைப்புக் கொடுத்தபோது, 'அது ஊழலை எதிர்ப்பவர்களுடைய விஷயம் ஆயிற்றே, நமக்கென்ன?' என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்குப் பதிலாகவும் இந்த உரையை எடுத்துக்கொள்ளலாம்.

1. மகாடு குளமும் சாட்சிப் பொறுப்பும்

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் அருந்தியதை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1923இல் பம்பாய் சட்ட மேலவையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அரசுப் பணத்தில் கட்டி, அரசு பராமரிக்கும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி எல்லாவற்றையும் தீண்டப்படாத மக்கள் பயன்படுத்தலாம் என்றது அது. 1924இல் மகாடு நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. அந்தக் காகிதத்தை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் மார்ச் மாதத்து ஊர்வலம்.

அதே ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். குளம் பொதுச் சொத்து அல்ல, தொன்றுதொட்டு நாங்கள் மட்டுமே பயன்படுத்தி வருகிறோம் என்று வாதிட்டார்கள். வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் பக்கம் தீர்ப்பளித்தது. தனிச் சொத்து என்ற வாதம் நிற்கவில்லை. தொன்றுதொட்ட வழக்கம் என்பதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இதைக் கவனியுங்கள். எங்களுக்கு உரிமை உண்டு என்று நிரூபிக்கும் சுமை அங்கே தீண்டப்படாத மக்களின் தலையில் விழவில்லை. உங்களை விலக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று சொன்னவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆவணத்தைத் தேடி வைத்துக்கொண்டு எதிரியிடம் 'உன் ஆதாரத்தைக் காட்டு' என்று கேட்டது பெரிய போராட்ட முறை. அண்ணலைச் சட்ட மேதை என்று மேடையில் சொல்லும்போது இந்தப் பொறுமையான வேலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2. பிறர் நாட்குறிப்பில் நாம்

புதுச்சேரியின் பழைய வரலாற்றைத் தெரிந்துகொள்ள எல்லோரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் எடுப்பார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதினார். எழுதப்பட்ட காலத்தில் அது யாருக்கும் காட்டப்பட்டதல்ல. 1846இல்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

அதில் 1745 அக்டோபரில் ஒரு குறிப்பு உண்டு. இன்று மிஷன் வீதியில் சம்பா கோவில் என்று நாம் அழைக்கும் ஜென்மராக்கினி மாதா ஆலயம் நிற்கும் இடத்தில் அப்போதிருந்த கோவிலைப் பற்றியது. கோவிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவரின் தூண்டுதலோடு பறையர் கிறித்தவர்கள் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இந்த ஊரில் கூட்டமாகச் சென்று முறையிட்டு ஒரு தீண்டாமைச் சுவரை இடிக்க வைத்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? அவர்கள் எழுதிய ஏட்டிலிருந்து அல்ல. அதிகாரத்துக்கு அருகில் இருந்த ஒரு சாதி இந்து தன் பார்வையில் எழுதி வைத்த சொந்தக் குறிப்பேட்டிலிருந்து தெரிகிறது. முறையிட்டவர்களின் பெயர் அதில் இல்லை. சாதிப் பெயர் மட்டும் இருக்கிறது. எதிர்த்து நின்ற மேல்சாதிக் குடும்பத்தாருக்குப் பெயர் இருக்கிறது.

நம்முடைய வரலாறு எழுதப்படவில்லை என்று அடிக்கடி சொல்கிறோம். எழுதப்பட்டிருக்கிறது, தோழர்களே. வேறொருவர் எழுதி, வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார். ஏடு எழுதும் அதிகாரமும் ஏட்டைப் பூட்டும் அதிகாரமும் ஒரே கூட்டத்தின் கையில் இருந்ததுதான் சிக்கல்.

3. பாரிசில் ஒரு பிரகடனம், புதுச்சேரியில் ஓர் ஆணை

உலகில் முதன்முதலாக அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது ஸ்வீடன், 1766இல். பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்த 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆவது கூறு, பொது அதிகாரி ஒவ்வொருவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது. 1794இல் அரசு ஆவணக் காப்பகங்களில் உள்ளவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தரும் சட்டமும் பிரான்சில் வந்தது.

நம்மை ஆண்ட பிரான்ஸ் இதுதான். ஆனால் பாரிசில் போட்ட சட்டம் அப்படியே கப்பலேறி வந்துவிடவில்லை. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையின் மூலம் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டமும் வழக்கமும் தொடரும் என்று அதே ஆணை எழுதிவைத்தது. குடிமகன் என்ற சொல் ஒரு பக்கம், சாதி என்ற சொல் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே அரசு முத்திரை.

இந்த ஏற்பாட்டில் ஒரு விரிசல் 1881இல் ஏற்பட்டது. செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, ஓர் இந்தியர் தன் சாதி, சமய வழிப்பட்ட தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். எழுத்தில் அறிவித்து ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்றார்கள். இந்த இயக்கத்தின் முகமாக இருந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக வெளியே நிறுத்தப்பட்டவர். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றவர். லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவர் வேளாளர். ஆனால் அவர் திறந்த வழியில் பறையர்களும் எளிய கிறித்தவக் குடும்பங்களும் பெருமளவில் நுழைந்தார்கள். சாதியைக் காகிதத்திலிருந்தாவது நீக்க முடியும் என்ற நம்பிக்கை அவர்களை அங்கே அழைத்துச் சென்றது.

எதிர்வினை விரைவாக வந்தது. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. எண்ணிக்கையில் ஒரு தெருவை நிரப்பாத ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல். ஒரே பட்டியல் வருவதற்கு இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

இதே காலத்தில்தான் இந்தியர்களுக்கும் எத்தா சிவில் ஒழுங்குபடுத்தப்பட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு ஏட்டில் பதியும் முறை இது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த சொல்தா குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஓய்வூதியம், குடியுரிமை, பிள்ளையின் படிப்பு எல்லாமே அந்த ஒரு ஏட்டின் பிரதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் தலித் குடும்பங்களும் உண்டு. அந்தத் தெருக்களில் தகரப் பெட்டிக்குள் நகைக்குக் கீழே பிறப்புப் பதிவின் பிரதி இருக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தாத்தா சிரிக்கமாட்டார்.

4. ஆவணங்கள் பிரிக்கப்பட்ட கதை

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு நடந்தது. இந்த மூன்று தேதிகளையும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் ஆவணங்கள் குறித்து உள்ள கூறைப் பற்றி எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் பிரான்சின் பொறுப்பில் இருக்கும். நிர்வாகத்துக்குத் தேவையான ஆவணங்கள் இந்தியாவிடம் இருக்கும் என்கிறது அந்தக் கூறு. எது வரலாறு, எது நிர்வாகம் என்று தீர்மானித்தவர்கள் இரண்டு அரசுகளின் அதிகாரிகள். யாருடைய வாழ்க்கை அந்தக் காகிதங்களில் இருந்ததோ, அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆக இன்று நம்முடைய கடந்த காலம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு பகுதி தென் பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு பகுதி லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் இருக்கிறது. மற்றவை நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து, வருவாய்த்துறை, பதிவுத்துறை அலுவலகங்களின் பீரோக்களில் இருக்கின்றன. காலனிகளின் பதிவேடுகளில் ஒரு படியைத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரெஞ்சு மன்னர் 1776இலேயே ஆணையிட்டிருந்தார். அப்படிச் சேர்ந்த பழைய பதிவேடுகள் பலவற்றை எக்ஸ் காப்பகம் இணையத்தில் இலவசமாக ஏற்றியிருக்கிறது. கடல் கடந்து போன ஏட்டைக் கைப்பேசியில் புரட்ட முடிகிறது. நான்கு தெரு தள்ளியிருக்கும் ஏட்டைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

அதே ஒப்பந்தத்தில் இன்னொன்றும் உண்டு. இங்கே பிறந்து இங்கேயே வாழ்பவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால், 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆறு மாதம் என்ற அந்தச் செய்தி எந்தத் தெருவரை வந்தது, எந்தச் சேரியின் வாசலில் நின்றுவிட்டது? தகவல் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அறிவிப்பைப் படித்தவர் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தார். படிக்காதவருக்குப் பதிலாகக் கெடு தேதி தேர்ந்தெடுத்தது.

5. 1964 மார்ச் 5

இணைப்புக்குப் பிறகு, பாண்டிச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கான பட்டியல் சாதிகள் ஆணையைக் குடியரசுத் தலைவர் வெளியிட்ட தேதி இது. ஆதி திராவிடர், பறையர், சாம்பவர், பள்ளர், சக்கிலியர், வள்ளுவர், வெட்டியார், தோட்டி, புதிரை வண்ணார் என்று நீளும் பட்டியல். காரைக்காலுக்கும் ஏனாமுக்கும் மாஹேக்கும் சேர்த்து ஒரே பட்டியல்.

ஆணையில் உள்ள சொல் ஒன்றியப் பிரதேசத்தில் 'வசிப்பவர்' என்பதுதான். காலப்போக்கில் நிர்வாக நடைமுறையில் 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தவர்' என்று இரண்டு பிரிவுகள் உருவாயின. 1964 மார்ச் 5 அன்று பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இங்கே வசித்ததற்குச் சான்று இருந்தால் பூர்வீகம். இல்லையென்றால் குடிபெயர்ந்தவர். வேலையும் கல்லூரி இடமும் இந்த ஒரு சொல்லில் மாறிவிடும். இதுபற்றி எழுந்த வழக்குகள் 2005இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் வரை போய்வந்தன. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு டெல்லி தொடர்பான வழக்கில் இந்தப் பொருளை மறுபடி ஆராய்ந்தது. பூர்வீகத் தலித்துகளுக்கும் குடிபெயர்ந்த தலித்துகளுக்கும் இடையே நடந்த வாக்குவாதங்கள் நம் வீட்டு விசேஷங்கள் வரை வந்து உட்கார்ந்ததை இங்கே இருப்பவர்கள் அறிவீர்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றைய பேச்சு அல்ல. இன்று கேட்பது, அந்தச் சான்று எங்கே இருக்கிறது என்பதை மட்டும்.

நெல்லித்தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மில் வேலை, கட்டட வேலை, துறைமுக வேலை என்று இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனை? புதுச்சேரியின் வரைபடம் தென்னார்க்காட்டுக்குள் கிழிந்த துணி போலக் கிடக்கிறது. ஒரு வயலின் இந்தக் கரை பிரெஞ்சு, அந்தக் கரை ஆங்கிலேயர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லை பார்த்தா நடந்தது? அம்மா வில்லியனூரில் பிறந்திருப்பாள். அம்மாயி கண்டமங்கலத்தில் பிறந்திருப்பாள். கூலிக்குப் போன இடத்தில் குழந்தை பிறந்திருக்கும். நிலமில்லாதவருக்குக் கிரயப் பத்திரம் கிடையாது. பள்ளிக்கூடம் போகாதவருக்கு மாற்றுச் சான்றிதழ் கிடையாது. சொந்த வீடில்லாதவருக்கு வீட்டு வரி ரசீது கிடையாது. சாதி நம்மிடமிருந்து எதையெல்லாம் பறித்ததோ, அதையெல்லாம் ஆதாரமாகக் கொண்டுவா என்கிறது சாதிச் சான்றிதழுக்கான மனு.

மிஞ்சியிருப்பது பிறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், மில்லின் சம்பள ஏடு, ஆஸ்பத்திரி ஏடு. நான்குமே அரசின் கையிலோ அரசு நிறுவனங்களின் கையிலோ இருப்பவை. அரசே ஒரு தாளைக் கேட்கிறது. அந்தத் தாள் அரசின் பீரோவில் இருக்கிறது. நடுவில் சாவி இல்லாமல் நிற்பவர் நம் ஆள்.

தாள் கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. 'மு' என்ற ஒலியை எழுத ஆங்கிலத்துக்கு இரண்டு எழுத்து போதும், பிரெஞ்சுக்கு மூன்று வேண்டும். பிறப்புப் பதிவில் பிரெஞ்சு முறையில் எழுதப்பட்ட முனுசாமி வேறு, குடும்ப அட்டையில் ஆங்கில முறையில் எழுதப்பட்ட முனுசாமி வேறு என்று மனு திரும்பி வரும். நாங்கள் மனு எழுதிக் கொடுக்கும் இடத்தில் இப்படித் திரும்பி வந்த கட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஏட்டை எழுதிய குமாஸ்தா செய்தது எழுத்து வேறுபாடு. அதற்கான விளக்கத்தைத் தருவது மட்டும் பேரனின் வேலை.

பழங்குடி மக்களுக்கு நிலைமை இதைவிட மோசம். இருளர்களைப் பழங்குடியினராக அறிவிக்கும் ஆணை புதுச்சேரிக்கு வந்தது 2016 டிசம்பரில்தான். அதுவரை இந்த ஒன்றியப் பிரதேசத்துக்குப் பழங்குடிப் பட்டியலே கிடையாது. ஏட்டில் அப்படி ஒரு மக்கள் இல்லை. ஏரிக்கரையில் இருந்தார்கள்.

மகாடில் விலக்கியவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே விலக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் எதிராளியிடம் இருக்கும் ஆதாரத்தைக் கொண்டு. இந்தச் சுமையை இடம் மாற்றும் கருவியாகத்தான் தகவல் உரிமைச் சட்டத்தை நான் பார்க்கிறேன்.

6. சட்டம் எங்கிருந்து வந்தது, நமக்கு என்ன தருகிறது

இந்தச் சட்டத்தை யாரோ அறிவாளிகள் டெல்லியில் உட்கார்ந்து எழுதித் தந்ததாக மாணவர்கள் நினைக்க வேண்டாம். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், வறட்சி நிவாரண வேலை செய்த கூலிகளுக்காக, வேலைக்கு வந்தோர் பட்டியலைக் காட்டு என்று கேட்டது. 1994 டிசம்பரில் கோட்கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை. பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரிலும் ஊரை விட்டுப் போனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நடத்திய போராட்டம்தான் 2005 சட்டத்தின் வேர்.

தமிழ்நாடு 1997இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் முதல் மாநிலம் என்ற பெயர் அதற்கு உண்டு. விதிவிலக்குகள் மிகுந்த சட்டம். கோரிமேடு தாண்டினால் அது செல்லாது. நமக்கு 2005 அக்டோபர் 12 முதல்தான் இந்த உரிமை.

சட்டத்தில் நமக்கு உதவும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 6: மனுவைத் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக்கூடாது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

பிரிவு 2(ஜே): ஜெராக்ஸ் வாங்குவது மட்டும் உரிமை அல்ல. நேரில் போய்க் கோப்பைப் புரட்டிப் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு. பழைய ஏடுகளுக்கு இதுதான் சிறந்த வழி. எந்தப் பக்கத்தில் என்ன எழுத்தில் பெயர் இருக்கிறது என்று நமக்குத்தான் தெரியும்.

பிரிவு 8(3): 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர, மற்ற விதிவிலக்குகளைச் சொல்லி மறுக்க முடியாது. 1964 என்பது 20 ஆண்டுகளுக்கு முன்புதானே?

பிரிவு 4(1)(ஏ): ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களை எல்லாம் வரிசைப்படுத்தி அட்டவணை போட்டு வைக்க வேண்டும். நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது அரசின் கடமை. 'ஃபைல் கிடைக்கவில்லை' என்பது இந்தக் கடமையை மீறியதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அரசிடம் இருந்திருக்க வேண்டிய கோப்பைக் காணோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தேடவும் விசாரிக்கவும் ஆணையிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஸ்வாஸ் பாம்பூர்க்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இத்துடன் இரண்டு சட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி யாரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் பெறலாம். 1993 பொது ஆவணங்கள் சட்டம் ஒன்றியப் பிரதேச நிர்வாகங்களுக்கும் பொருந்தும். விதியை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை.

மில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.எஃப்.டி. மில்லை 1986இல் அரசு எடுத்துக்கொண்டது. 2020இல் மூடிவிட்டார்கள். அரசு நிறுவனத்தின் ஏடு பொது ஆவணம். நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்த சம்பள ஏடுகள் இப்போது எந்த அறையில், என்ன நிலையில் இருக்கின்றன என்று கேட்டு மனுப் போடுவது நம் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். கரையானுக்குப் போவதற்குள் கேட்க வேண்டும்.

தனிமனிதரின் தாளுக்கு மட்டும் இந்தச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக, டெல்லியில் தலித் மக்களுக்கான சிறப்புக் கூறு திட்டத்திலிருந்து சுமார் 744 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டது. வீட்டுரிமைக்கும் நில உரிமைக்கும் பாடுபடும் அமைப்பினர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய தாள்களிலிருந்துதான் அது வெளியே வந்தது. மைதானத்தில் வெளிச்சம் போட்ட பணம் யாருடைய படிப்புக்கான பணம் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உள்துறை அமைச்சர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. புதுச்சேரியில் மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம் நாம். நமக்கென ஒதுக்கப்படும் பணம் எந்தச் சாலைக்கும் எந்தப் பாலத்துக்கும் போகிறது என்று ஆண்டுதோறும் கேட்கிறோமா?

7. டெல்லிக்குப் போகும் மனு

இனி, சட்டத்தின் ஓட்டைகள். தமிழ்நாட்டில் ஒருவர் மனுப் போட்டுப் பதில் கிடைக்காவிட்டால், முதல் மேல்முறையீட்டுக்குப் பின் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போவார். புதுச்சேரிக்கு மாநில ஆணையம் கிடையாது. சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு, ஆணையம் மட்டும் இல்லை. சட்டத்தின்படி ஒன்றியப் பிரதேசங்களுக்குரிய ஆணையம் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்தான். தமிழில் மனு எழுதும் உரிமை இந்த ஊர் எல்லைவரை கூட வருகிறது. இரண்டாம் மேல்முறையீட்டில் ஆங்கிலமோ இந்தியோ தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. காணொளி விசாரணை என்கிறார்கள். கூலி வேலை செய்யும் பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, கேமரா முன் உட்கார்ந்து, புரியாத மொழியில் தன் பாட்டியின் பிறப்பைப் பற்றி வாதாட வேண்டும்.

1956 ஒப்பந்தத்தில், மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று எழுதினார்கள். 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் தமிழைக் கொண்டுவந்தது. ஏடு பிரெஞ்சில், அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில், மேல்முறையீடு டெல்லியில். தமிழ் ஆட்சிமொழி என்பது பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் புதுச்சேரியில் 1968இல் நடந்தது. அடுத்தது 2006இல். அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு இன்றுவரை இல்லை. தெருவுக்குள் வந்து கேள்வி கேட்க நமக்கொரு கவுன்சிலர் இல்லை. இந்த நிலையில் தகவல் மனுதான் நம்முடைய ஒரே வார்டு கூட்டம்.

அந்த மனுவின் பல்லையும் பிடுங்குகிறார்கள். 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே, தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசகம் இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிடுகிறது. பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. பொதுநலனைக் காட்டி அதன் வழியாக வாதாடலாம். ஆனாலும் மறுப்பதற்கு அதிகாரிக்கு ஒரு சொல் கிடைத்துவிடும்: 'தனிநபர் தகவல்'.

கோட்கிரானாவில் உரக்கப் படித்தது என்ன? பெயர்களைத்தான். இலவச மனை யாருக்குக் கிடைத்தது, கல்வி உதவித்தொகை யார் பெயரில் எடுக்கப்பட்டது, போலிச் சாதிச் சான்றிதழில் யார் வேலையில் இருக்கிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் எப்போதுமே ஒரு பெயர். பெயரை மறைத்தால் மோசடி மறைந்துவிடும். நம்முடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்காக வீட்டுக்கு வந்து அடுப்படிவரை எட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்கும்போது நம் அந்தரங்கம் எங்கே போயிருந்தது?

8. செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்து போகக்கூடாது என்பதற்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

அரசிடம் கேட்க வேண்டியவை: 1964க்கு முந்தைய பிறப்புப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல்கள், மில் ஏடுகள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தி, பெயர்களின் தமிழ் வடிவத்தோடு பொதுமக்கள் தேடும்படி வைக்க வேண்டும். அரசின் வசம் உள்ள ஆவணத்தை மனுதாரரிடம் கேட்காமல், சான்றிதழ் தரும் அலுவலகமே தேடிச் சரிபார்க்க வேண்டும். பிரெஞ்சு, ஆங்கில எழுத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி மனுவைத் திருப்பக்கூடாது என்று ஆணை வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டைத் தமிழில் நடத்தும் ஏற்பாடு புதுச்சேரியிலேயே வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையென்றால் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசை வலியுறுத்தட்டும்.

நாம் செய்ய வேண்டியவை: சமூகவியலும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஜீவானந்தபுரத்துக்கு ஆய்வுப் பட்டத்துக்காக மட்டும் போகாமல், தெருவுக்காகவும் போக வேண்டும். வீட்டுத் தகரப் பெட்டிகளில் உள்ள தாள்களைப் படமெடுத்து, உரியவரின் ஒப்புதலோடு ஒரு பொதுத் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தவறாமல் கேட்டு வாங்க வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஆவணம்தான். கிடைத்ததைத் தெருவில் உரக்கப் படிக்க வேண்டும்.

தனியாக மனுப் போடாதீர்கள். தகவல் கேட்டதற்காக இந்த நாட்டில் கொல்லப்பட்டவர்கள் உண்டு. பத்துப் பேர் பத்து மனுவாகப் போடும்போது மிரட்டுபவருக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

1745இல் சம்பா கோவிலில் முறையிட்டவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இனிமேல் முறையிடுபவர்கள் மனுவின் அடியில் முழுப் பெயரையும் தேதியையும் எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகரக்கூடாது. அண்ணல் பத்தாண்டுகள் வழக்காடினார். நமக்கு முதல் பதில் வர முப்பது நாள். அதுவரை காத்திருந்து, வராவிட்டால் மேல்முறையீட்டை எழுதத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.